இறைச்சியிலா, கொட்டகையிலா?

1999-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கோலாலம்பூரிலோ கிள்ளானிலோ பாசாருக்குப் போய் வந்தவர்களுக்கு ஒரு காட்சி நினைவிருக்கும். பன்றி இறைச்சி விற்பனை அடியோடு படுத்துவிட்டது. மற்ற நாட்களில் காலையிலேயே விற்றுத் தீரும் இறைச்சி கொக்கியில் தொங்கியபடியே கிடந்தது. வீட்டுக்கு வீடு ஒரே பேச்சு: "இறைச்சி சாப்பிடலாமா, கூடாதா?" பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்கள் காய்ச்சல் கண்டு, நினைவிழந்து, சில நாட்களிலேயே மாண்டுகொண்டிருந்தார்கள். பயம் இல்லாமல் எப்படி இருக்கும்?

அந்தக் கேள்விக்கு விடை எப்படிக் கிடைத்தது என்பதைத்தான் இன்று சொல்லப் போகிறோம். அது நம் நாட்டு மருத்துவ வரலாற்றில் இடம்பெற்ற ஒரு துப்பறியும் கதை. அதில் நம்மவர்களின் கண்ணீரும் உண்டு. அந்தப் பண்ணைகளில் உரிமையாளர்கள் பெரும்பாலும் சீனர்கள். கொட்டகை கழுவியும் தீனி போட்டும் கூலி வாங்கியவர்களில் தமிழர்களும் இருந்தார்கள்.

முதலில், உணவால் வரும் நோயை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதை ஒரு சின்னக் கணக்கால் பார்ப்போம். தோட்டத்துக் கோயில் திருவிழா முடிந்து ஒரு விருந்து நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 பேர் உண்கிறார்கள். மறுநாள் 42 பேருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. உடனே என்ன செய்கிறோம்? சமையல் செய்தவரைத் திட்டுகிறோம். இல்லாவிட்டால் கண்பட்டுவிட்டது என்கிறோம். சுகாதார அதிகாரி அப்படிச் செய்வதில்லை. அவர் நோயுற்றவர்களைக் கேட்பதோடு, நன்றாக இருப்பவர்களையும் தேடிப் போய்க் கேட்பார். "நீங்கள் என்னென்ன சாப்பிட்டீர்கள்?" ஆட்டுக்கறி உண்ட 60 பேரில் 40 பேர் படுத்திருக்கிறார்கள், உண்ணாத 40 பேரில் இருவர்தான் படுத்திருக்கிறார்கள் என்றால், சந்தேகம் எங்கே போகும் என்பது உங்களுக்கே தெரியும். நோயுற்றவர்களை மட்டும் கேட்டிருந்தால், "எல்லாரும் சோறு சாப்பிட்டோம், ரசம் சாப்பிட்டோம்" என்பதுதான் விடையாக வந்திருக்கும். சோற்றையும் கறியையும் பிரித்துக் காட்டுபவர்கள் நோயுறாதவர்களே.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். விருந்தில் உண்டவர்கள் படுத்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் நம் வீட்டுப் பெண்கள் செய்யும் முதல் காரியம், மிச்சத்தைக் கொட்டிப் பானையை விளக்கிக் கவிழ்ப்பது. சுத்தத்துக்காகத்தான் செய்கிறார்கள், ஆனால் ஆய்வுக்கூடத்துக்கு வேண்டிய சாட்சி அதோடு போய்விடுகிறது. மிச்சத்தை மூடி, யாரும் தொடாதபடி குளிர்ப்பெட்டியில் தனியே வைத்திருங்கள். அதிகாரி வந்து எடுத்துக்கொள்வார்.

இனிக் கதைக்கு வருவோம்.

1998 செப்டம்பர் இறுதியில் பேராக் மாநிலத்தில், ஈப்போவை அடுத்த கிந்தா வட்டாரத்தில், பன்றிப் பண்ணைக்காரர்களிடையே மூளைக்காய்ச்சல் தோன்றியது. கடுமையான காய்ச்சல், தலைவலி, மயக்கம், பிறகு நினைவு தப்புதல். பன்றியும் மூளைக்காய்ச்சலும் சேர்ந்து வந்தால் மருத்துவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது ஜப்பானிய மூளைக்காய்ச்சல். அந்தக் கிருமி பன்றியின் உடலில் பெருகும். கொசு பன்றியைக் கடித்துவிட்டு மனிதனைக் கடிக்கும்போது மனிதனுக்கு வரும். நம் நாட்டில் முன்பிருந்தே உள்ள நோய் அது. நோயாளிகள் சிலருடைய இரத்தத்தைச் சோதித்தபோது அந்த நோய்க்கான அடையாளமும் தென்பட்டது. ஆகவே புகை அடித்தார்கள். பன்றிகளுக்கும் மனிதர்களுக்கும் தடுப்பூசி போட்டார்கள். வழக்கமான நோயாக இருந்திருந்தால் அது சரியான நடவடிக்கைதான்.

ஆனால் சாவு நிற்கவில்லை. பயந்துபோன பண்ணைக்காரர்கள் சிலர் பன்றிகளை மலிவு விலைக்குத் தள்ளிவிட்டார்கள். லாரியில் ஏறிய பன்றியோடு நோயும் ஏறிற்று. டிசம்பர் வாக்கில் நெகிரி செம்பிலானில் சிரம்பானை அடுத்த சிக்காமாட்டில் நோய் தலைகாட்டியது. பிறகு புக்கிட் பெலாண்டோக், சுங்கை நிப்பா. கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்திலிருந்து தெற்கே போகிறவர்களுக்கு அந்தப் பக்கம் தெரிந்திருக்கும். இலட்சக்கணக்கில் பன்றி வளர்த்த இடம் அது. 1999 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அங்கே நோய் காட்டுத்தீயாகப் பரவியது.

இந்த இடத்தில் யாரையும் முட்டாள்கள் என்று சொல்லிவிட வேண்டாம். சோதனை முழுக்கத் தவறாக இருந்திருந்தால் சீக்கிரம் விழித்திருப்பார்கள். பாதி சரியாக இருந்ததுதான் தொல்லை. சிலருடைய இரத்தத்தில் அடையாளம் இருந்தது உண்மை. ஆனால் என்றோ ஒரு காலத்தில் கொசு கடித்து, நோயே தெரியாமல் போனவர்களுக்கும் அந்த அடையாளம் இரத்தத்தில் இருக்கலாம் அல்லவா?

சந்தேகத்தை எழுப்பியவை ஆய்வுக்கூடக் கருவிகள் அல்ல. யார் படுக்கிறார்கள், யார் படுக்கவில்லை என்ற பழைய கேள்விதான். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்கும். இங்கே குழந்தைகள் நன்றாக இருந்தார்கள். வேலைக்குப் போகும் ஆண்கள் படுத்தார்கள். கொசுவுக்கு இனம், மதம் தெரியாது. பண்ணையைக் கடித்தால் பக்கத்துக் கம்பத்தையும் கடிக்கும். ஆனால் அடுத்திருந்த கம்பங்களில், பன்றியோடு எந்தத் தொடர்பும் இல்லாத மலாய்க்காரர்களுக்கு நோய் வரவில்லை. தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் படுத்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பன்றிகளே நோயுற்றிருந்தன. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் கிருமி இருந்தாலும் வளர்ந்த பன்றிக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாது. இந்தப் பன்றிகளோ, தொலைவில் நிற்பவருக்கும் கேட்கும்படி, குரைப்பதுபோல் இருமின. கொட்டகையில் நின்ற ஒவ்வொரு தொழிலாளியும் அந்த இருமலைக் கேட்டிருக்கிறார்.

நோயாளிகள் பலர் லெம்பா பந்தாயில் உள்ள மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். பங்சாரையும் பிரிக்பீல்ட்ஸையும் தாண்டிப் பெட்டாலிங் ஜெயா போகும் வழியில் இருக்கிறதே, அதே மருத்துவமனைதான். 1999 பிப்ரவரிக்கும் ஜூனுக்கும் இடையில் அங்கே 94 நோயாளிகளைப் பார்த்தார்கள். அவர்களில் 100-க்கு 93 பேர், பெரும்பாலும் நோய் தோன்றுமுன் இரண்டு வாரங்களுக்குள், பன்றிகளோடு நேரடியாகத் தொடர்பு கொண்டவர்கள். சராசரி வயது 37. குடும்பத்தைச் சுமக்கும் வயது. அவர்களில் 30 பேர் இறந்துபோனார்கள்.

அந்தப் பல்கலைக்கழகத்தின் நுண்ணுயிரியல் துறையில் டாக்டர் சுவா காவ் பிங் என்பவர் வேலை செய்துவந்தார். நோயாளிகளின் முதுகுத்தண்டு நீரை, ஆய்வுக்கூடத்தில் வளர்த்த குரங்கின் சிறுநீரக உயிரணுக்களோடு சேர்த்து வைத்தார். ஐந்து நாளில் அந்த உயிரணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பெரிய பெரிய அணுக்களாக மாறியிருந்தன. தட்டம்மை, பொன்னுக்குவீங்கி ஆகியவற்றைத் தரும் கிருமிக் குடும்பத்தின் வேலை இப்படி இருக்கும். அந்த நோயாளிகளில் ஒருவர் சுங்கை நிப்பா கிராமத்தைச் சேர்ந்தவர். டாக்டர் சுவா அந்தக் கிருமியை எடுத்துக்கொண்டு அமெரிக்காவுக்கே விமானம் ஏறினார். அங்கே நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது ஐயம் உறுதியாயிற்று. 1994-இல் ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகரின் ஹெண்ட்ரா பகுதியில் குதிரைகளையும், அவற்றைப் பழக்கிய ஒருவரையும் கொன்ற கிருமிக்கு இது நெருங்கிய உறவு. ஆனால் அதுவே அல்ல, புதியது. அதற்கு நிப்பா என்று பெயர் வைத்தார்கள். கூரை வேயும் அத்தாப்பு ஓலை தரும் மரத்தின் பெயர், ஒரு கிராமத்தின் பெயராகி, பிறகு உலகமே அஞ்சும் நோயின் பெயராகிவிட்டது!

சரி, பாசாரில் எழுந்த கேள்விக்கு விடை என்ன? நோய் பன்றியிடமிருந்து வருகிறது. அப்படியானால் இறைச்சியை உண்பதால் வருகிறதா?

இதற்கு விடை சொல்ல உதவியது சிங்கப்பூர். மலேசியாவிலிருந்து அங்கே பன்றிகள் போய்க்கொண்டிருந்தன. 1999 மார்ச்சில் சிங்கப்பூரில் 11 பேருக்கு அதே நோய் கண்டது, ஒருவர் இறந்தார். பதினொருவரும் பன்றி அறுக்கும் கூடத்துத் தொழிலாளர்கள். இப்பொழுது விருந்துக் கணக்கை நினைத்துப் பாருங்கள். அந்தப் பன்றிகளின் இறைச்சியை எத்தனை ஆயிரம் குடும்பங்கள் சமைத்துச் சாப்பிட்டிருக்கும்! அவர்களுக்கு ஒன்றுமில்லை. உயிரோடு வந்த பன்றியைப் பிடித்து, அறுத்து, கழுவியவர்களுக்கே வந்தது.

நம் நாட்டிலும் இதே முறையில் கணக்கெடுத்தார்கள். நோய் கண்ட பண்ணைகளிலேயே நோயுற்றவர்களையும் நோயுறாதவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டார்கள். பன்றியை நேராகத் தொட்டுச் செய்யும் வேலை பார்த்தவர்கள், நோயுற்றவர்களில் 100-க்கு 86. நோயுறாதவர்களில் 100-க்கு 50. பன்றியோடு எந்தத் தொடர்பும் இல்லை என்றவர்கள், நோயுற்றவர்களில் 100-க்கு எட்டுப் பேர்தான். பன்றியின் எச்சில், சளி, மூத்திரம் ஆகியவற்றில் கிருமி இருந்தது. மருந்து கொடுக்க வாயைத் திறந்து பிடித்தவர், குட்டி ஈனும்போது உதவியவர், செத்த பன்றியைத் தூக்கியவர் — இவர்கள் கைவழியாகவும் மூச்சுவழியாகவும் நோய் ஏறிற்று. கொதிக்கும் சட்டியில் அந்தக் கிருமி பிழைக்காது. ஆகவே நன்றாக வேகவைத்த இறைச்சியால் ஆபத்தில்லை என்று சொல்ல முடிந்தது.

விடை பாசாருக்கு நிம்மதி தந்தது. பண்ணைத் தொழிலாளிக்கோ அது வேறு செய்தி. தடுப்பூசி போட்டாயிற்று, புகை அடித்தாயிற்று, இனிப் பயமில்லை என்று நம்பி, வெறுங்கையோடு கொட்டகைக்குள் போய்வந்த மாதங்கள் எத்தனை! கொசுவைத் தேடிய நேரத்தில் கையுறையும் முகமூடியும் ரப்பர் காலணியும் கொடுத்திருந்தால் சில உயிர்கள் தப்பியிருக்கும் என்றே நாம் நினைக்கிறோம்.

காரணம் தெரிந்த பிறகு கட்டுப்படுத்தும் வேலை வேகமாக நடந்தது. பன்றிகளை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகத் தடை போட்டார்கள். சிங்கப்பூர் இறக்குமதியை நிறுத்திற்று. நோய் கண்ட வட்டாரங்களில் பன்றிகளைக் கொன்று குழிகளில் புதைத்தார்கள். அந்த வேலையில் இராணுவத்தினரும் ஈடுபட்டார்கள். மொத்தம் சுமார் 11 இலட்சம் பன்றிகள். பின்பு நாடு முழுவதும் பண்ணைகளில் இரத்தம் எடுத்துச் சோதித்து, கிருமி இருந்த பண்ணைகளையும் ஒழித்தார்கள். 1999 மே மாதத்தோடு புதிய நோயாளிகள் வருவது நின்றது. அதற்குள் மலேசியாவில் 265 பேர் நோயுற்று, 105 பேர் இறந்திருந்தார்கள். பண்ணைகள் மூடப்பட்டன. கடன் வாங்கிப் பண்ணை வைத்தவர் ஒருநாளில் ஒன்றுமில்லாதவர் ஆனார். அவருக்காவது நஷ்ட ஈடு என்ற பேச்சு இருந்தது. அன்றாடக் கூலிக்கு இருந்தவரின் வேலை போனதைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

பன்றிக்கு நோய் எங்கிருந்து வந்தது? இதுவும் சுவையான பகுதி. பழந்தின்னி வௌவால் நம் தோட்டங்களில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். மலாய்க்காரர் கெலுவாங் என்பார்கள். அதன் இரத்தத்தில் நிப்பாவுக்கான அடையாளம் இருந்தது. ஆனால் கிருமியையே பிடிக்க வேண்டும் அல்லவா? டாக்டர் சுவாவும் அவருடன் இருந்தவர்களும் தியோமான் தீவில் வௌவால்கள் தொங்கும் மரங்களின் கீழே பிளாஸ்டிக் விரிப்புகளை விரித்து, மேலிருந்து விழும் மூத்திரத்தையும், கடித்துப் போட்ட பழங்களையும் சேகரித்தார்கள். அந்த மூத்திரத்திலும், ஒரு கடித்த பழத்திலும் நிப்பா கிருமி கிடைத்தது. முதலில் நோய் தோன்றிய பேராக் பண்ணையில் 30,000-க்கும் மேற்பட்ட பன்றிகள் இருந்தன. கொட்டகையை ஒட்டியே மாமரங்களும் வைத்திருந்தார்கள். வௌவால் பழம் தின்ன வரும். கடித்த பழம் கீழே விழும். பன்றி அதைத் தின்னும். இப்படித்தான் தொடங்கியிருக்க வேண்டும் என்பது ஆராய்ந்தவர்களின் முடிவு.

நிப்பா உணவு வழியாக மனிதனுக்கு வரவே வராது என்று இதைக் கேட்டு நினைத்துவிட வேண்டாம். வங்காளதேசத்தில் 2001 முதல் இந்நோய் திரும்பத் திரும்பத் தோன்றுகிறது. அங்கே ஈச்சமரத்தைச் சீவி இரவில் பானை கட்டுவார்கள். விடியற்காலையில் அந்தச் சாற்றைப் பச்சையாகக் குடிப்பார்கள். வௌவாலும் இரவில் வந்து அதை நக்கிவிட்டு, பானையிலேயே மூத்திரமும் பெய்துவிட்டுப் போகும். அங்கே ஆராய்ந்தவர்கள் இரவில் படம் பிடித்தே இதைக் கண்டார்கள். புளித்த கள்ளால் நோய் வந்ததும் அங்கே பதிவாகியிருக்கிறது. தென்னங்கள் குடித்துப் பழகிய தோட்டத்து ஆண்கள் இந்தச் செய்தியைக் கொஞ்சம் காதில் போட்டுக்கொள்ளலாம். அங்கே இப்பொழுது மூங்கில் தட்டி கட்டிப் பானையின் வாயை மறைக்கும்படி சொல்லிக்கொடுக்கிறார்கள். காய்ச்சி வெல்லமாக்கினால் பயமில்லை.

இறைச்சியும் ஓரிடத்தில் குற்றவாளியானது. 2014-இல் பிலிப்பீன்ஸ் நாட்டின் தென்பகுதியில் குதிரைகள் நோயுற்று இறந்தன. வீணாக்குவானேன் என்று அவற்றை அறுத்துக் கூறுபோட்டார்கள். அறுத்தவர்களுக்கும், அரைவேக்காட்டில் உண்டவர்களுக்கும் நிப்பா வகையைச் சேர்ந்த மூளைக்காய்ச்சல் வந்தது. அங்கே 17 பேர் நோயுற்றார்கள். ஒன்பது பேர் இறந்தார்கள். நோயாளிகளைப் பார்த்துக்கொண்டவர்களுக்கும் சிலருக்குத் தொற்றியது. கேரளத்தின் கோழிக்கோட்டில் 2018-இல் 17 பேர் இறந்தபோதும் பெரும்பாலோருக்கு மற்ற நோயாளிகளிடமிருந்தே தொற்றியது.

தாய்மார்களே, உங்கள் அடுக்களைக்கு இதில் வேண்டியது கொஞ்சம்தான். நோயுற்றுச் செத்த ஆடு, கோழி, பன்றி எதையும் அறுக்க விடாதீர்கள். மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கவும் வாங்காதீர்கள். வேட்டையில் கிடைத்த காட்டுப்பன்றியை லயத்துக் கொல்லையில் கூறுபோடும்போது, கையில் வெட்டுக்காயம் உள்ளவர் அதில் கை வைக்கக் கூடாது. வேலை முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். சவர்க்காரத்துக்கு நிப்பா கிருமி சீக்கிரம் மடிந்துவிடும். பச்சைக் கறி நறுக்கிய பலகையிலேயே வெங்காயமும் வெள்ளரியும் நறுக்குவது நம் வீடுகளில் சாதாரணம். கறியின் கிருமி சட்டியில் சாகும், வெள்ளரிக்காயில் சாகாது. பலகையைக் கழுவுங்கள், முடிந்தால் இரண்டு பலகை வைத்துக்கொள்ளுங்கள். மரத்தடியில் கிடக்கும் மாம்பழத்திலோ ஜம்புவிலோ பல்தடம் இருந்தால், அந்த இடத்தை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு மீதியைப் பிள்ளைக்குக் கொடுக்கும் சிக்கனம் வேண்டாம். முழுப் பழத்தையும் போட்டுவிடுங்கள்.

கிளினிக்குக்குப் போனால் மருத்துவர் "என்ன செய்கிறது?" என்றுதான் கேட்பார். காய்ச்சல், தலைவலி என்று சொல்லிவிட்டு நிறுத்திவிடுகிறோம். என்ன வேலை செய்கிறீர்கள், எந்தப் பிராணியோடு பழகுகிறீர்கள், அந்தப் பிராணிகளுக்கு ஏதும் சீக்கா, கூட வேலை செய்பவர்களுக்கும் இப்படி இருக்கிறதா என்பவற்றையும் அவர் கேட்காமலேயே சொல்லுங்கள். மலாய் சரியாக வராவிட்டால் பேசத் தெரிந்த பிள்ளையை அழைத்துப் போங்கள்.

1999-இல் அந்தப் பண்ணைகளில் வேலை செய்தவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். நிப்பாவிலிருந்து பிழைத்தவர்களில் சிலருக்கு மாதங்கள், ஆண்டுகள் கழித்து மீண்டும் மூளைக்காய்ச்சல் வந்ததுண்டு. அப்பொழுது நோயே தெரியாமல் இருந்தவர்கள் சிலருக்கும் பின்னாளில் வந்தது. அந்தக் காலத்தில் பண்ணையில் இருந்த அப்பாவோ தாத்தாவோ உங்கள் வீட்டில் இருந்து, வலிப்பு, பேச்சுக் குழறல், காரணமில்லாத மயக்கம் என்று ஏதேனும் கண்டால், "இவர் புக்கிட் பெலாண்டோக் பண்ணையில் வேலை செய்தவர்" என்பதை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள்.